உதடு பொருந்தாத கார்

“இது என் வண்டிக்கு உண்டானதே இல்ல மச்சான். வித்தவன் ஏமாத்திட்டான்!” விஸ்டின் ஸ்குரூடிரைவரைத் தரையில் வீசினான்.

நார்டு காருக்கு முன்னால் மல்லாந்து படுத்திருந்தான். பம்பருக்குக் கீழே பூட்ட வேண்டிய ‘லிப்’ என்கிற பிளாஸ்டிக் உதட்டைத் தூக்கிப் பிடித்தே அவன் தோள் கழன்றுவிட்டது. இடது முனை உட்கார்ந்தால் வலது முனை விலகியது. வலதை அமுக்கினால் இடது எழும்பியது.

நார்டு, விஸ்டினின் அக்காள் கணவன். மால்டாவின் மார்சாவில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். மைத்துனன் தொல்லைக்காகச் சனிக்கிழமை வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதில் இறங்கியிருந்தான்.

கார் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். போன வருடம் மோஸ்டா கார் கண்காட்சியில் விஸ்டினின் சித்தப்பா மகன் கர்ம்னு அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏர்போர்ட் போகணும், எவ்வளவு கேப்பே?” என்று டாக்ஸிக்காரனிடம் கேட்பது போல எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் விஸ்டினின் காதில் இருந்தது.

அன்றே காரை அலங்கரிக்கும் பாடி கிட் தேட ஆரம்பித்தான். மான்செஸ்டர்காரன் அனுப்பிய, கதவுக்குக் கீழே பூட்டும் சைடு ஸ்கர்ட் இரண்டும் இடது பக்கத்துக்கானவை. வலது வந்து சேர்வதற்குள் கோடையே முடிந்துவிட்டது. இத்தாலியில் கட்டானியாக்காரன் இதோ அனுப்புகிறேன், அதோ அனுப்புகிறேன் என்று இழுத்ததில், விஸ்டினே கப்பலேறிப் போய், பின்பக்கம் பூட்டும் ஸ்பாய்லரைத் தோளில் சுமந்து வந்தான். இப்போது ஒசாகாவிலிருந்து வந்த உதடு மக்கர் பண்ணியது.

“நாளைக்குக் கண்காட்சி மச்சான். இந்தத் தடவையும் அவன் சிரிச்சான்னா நான் ஊரை விட்டே போயிடுவேன்.”

“போறதுக்கு முன்னாடி அந்த ஹீட் கன்னை எடுத்துக் குடுத்துட்டுப் போ. சூடு காட்டினா வளைஞ்சு குடுக்கும்.”

“மெதுவா, மெதுவா! பெயின்ட் போயிடும்.” பானெட் மேல் போர்த்தியிருந்த கம்பளியை விஸ்டின் மறுபடி இழுத்துவிட்டான். கல் தெறித்துக் கீறல் விழக் கூடாது என்று காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்.

“பொண்டாட்டியைக்கூட யாரும் இப்படிப் பொத்தி வைக்க மாட்டாங்கடா,” என்றான் நார்டு.

காலையில் வாங்கிய பாஸ்டிட்ஸி பலகாரம் தொடுவாரில்லாமல் ஆறிப் போயிருந்தது. நார்டின் விரலில் இரண்டு இடத்தில் தோல் உரிந்தது. கடைசியில் ‘டக்’கென்று ஒரு சத்தம். உதடு இரு பக்கமும் ஒட்டி உட்கார்ந்தது.

நார்டு எழுந்து நாலடி பின்னால் போய்ப் பார்த்தான். முகம் சுருங்கியது.

“வண்டி தாழ்வா நிக்கக் குட்டை ஸ்பிரிங் போட்டேன்னு சொன்னியே?”

“நானே வீட்டுல போட்டேன்.”

“அப்புறம் ஏன்டா மூக்கு வானத்தைப் பாக்குது? பின்னாடி தரையை உரசுது, முன்னாடி டயருக்கு மேல பூனை குட்டி போடலாம் போல இருக்கு.”

“போகப் போகத் தானா உக்காந்துரும், விடு மச்சான்.”

விஸ்டின் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செல்போனைத் தூக்கிக் காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, ஒவ்வொன்றையும் கர்ம்னுவுக்கு அனுப்பினான். விஸ்டினின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் நார்டின் எரிச்சல் கொஞ்சம் இறங்கியது.

“சரி, அழகாத்தான் இருக்கு. சாவியைக் குடு. தெரு முனை வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வரேன். என் தோள் வலிக்கு அந்த உறுமலைக் கேட்டாத்தான் தீரும்.”

விஸ்டின் சாவியை நீட்டவில்லை. ஸ்பாய்லரைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றான்.

“என்னடா, எனக்குக் கூடவா தர மாட்டே?”

“இஞ்சினை வித்துத்தானே மச்சான் இதையெல்லாம் வாங்கினேன்!”