பெயர் சொன்னால் நிஜம்

அன்று மதியத்துக்குள் அண்ணன் இரண்டு தடவை பனியில் புதைந்துவிட்டார். முதல் தடவை செத்தார். இரண்டாம் தடவை பிழைத்துக்கொண்டார்.

அண்ணன் என்பது வைக்கோல் பொம்மை. மலை முகாமை நடத்தும் தெமிர்பெக்கின் பழைய ஆட்டுத்தோல் கோட்டைப் போட்டிருந்ததால், அவரைக் கூப்பிடுவதுபோலவே பிள்ளைகள் அதையும் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். நகரத்துப் பள்ளியிலிருந்து பனிச்சரிவுப் பயிற்சிக்கு முந்தாநாள் வந்திறங்கிய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், மொத்தம் ஏழு பேர்.

முதல் தடவை நீளக் கம்பிகளால் பனியைக் குத்திக் குத்தித் தேடி, பொம்மையை எடுக்க இருபத்திரண்டு நிமிடம் ஆனது. "பொணத்தைத் தோண்டியிருக்கீங்க. பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள எடுத்தாத்தான் மனுஷன்" என்று தெமிர்பெக் திட்டித் தீர்த்தார். இரண்டாம் தடவை பதினாலில் எடுத்தார்கள். குழுத் தலைவி உலாரா சந்தோஷத்தில் பொம்மைக்கு முத்தமே கொடுத்துவிட்டாள்.

தெமிர்பெக் போட்டிருந்த விதி ஒன்றுதான். "வாக்கிடாக்கியில 'அண்ணன் புதைஞ்சுட்டாரு'ன்னு வந்தா அது பயிற்சி. நிஜமா யாராவது மாட்டினா, பேரைச் சொல்லணும். அழுதாலும் நம்பாதீங்க, சத்தியம் பண்ணினாலும் நம்பாதீங்க. பேரு வந்தா மட்டும் கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடி வாங்க."

பக்கத்தில் நின்ற உதவியாளர் புருல் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். இலையுதிர்காலத்தில்தான் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தவர். புதுப்பெண்ணின் வெள்ளை முக்காடு இன்னும் தலையில் இருந்தது.

"என்னம்மா?" என்றார் தெமிர்பெக்.

"ஒண்ணுமில்லீங்க."

அதிகம் பேசாத பெண். ஆனால் பயிற்சி என்று வந்துவிட்டால் வாக்கிடாக்கியில் அப்படி அழுது நடிப்பார், பிள்ளைகளுக்குச் சிரிப்பே வந்துவிடும்.

மதியம் அடுத்த பயிற்சிக்கு இடம் பார்க்க இருவரும் சரிவின் மேலே போனார்கள். பிள்ளைகள் குடிசைக்குள் லக்மான் சாப்பிட உட்கார்ந்தார்கள். சூப்பில் மிதந்த இறைச்சியிலும் நூடுல்ஸிலும் ஆவி பறந்தது.

"எங்க அண்ணி கதையைக் கேளுங்க" என்றான் ஊமாத். அவன் அப்பா பெயர் தாஷ்தான். தாஷ் என்றால் கல். "புருஷன் வீட்டுப் பெரியவங்க பேரைச் சொல்லக் கூடாதாமே! அதனால அவ கல்லுன்னே சொல்ல மாட்டா. போன வாரம் பூட்ஸுக்குள்ள கல்லு மாட்டிக்கிச்சு. 'ஐயோ, கெட்டியா ஒண்ணு, கெட்டியா ஒண்ணு'ன்னு ஒத்தக் கால்ல குதிக்கறா!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் வாக்கிடாக்கி கரகரத்தது.

"அண்ணன்... அண்ணன் புதைஞ்சுட்டாரு! ஓடி வாங்க!"

"சாப்பிடக்கூட விடமாட்டாங்களா?" ஊமாத் முகத்தைச் சுளித்தான். "இப்பத்தான பொழைக்க வெச்சோம். அதுக்குள்ள மறுபடியும் போய்ப் படுத்துக்கிட்டாரா?"

உலாரா எழுந்துவிட்டாள். போவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். "குரல் ஒரு மாதிரி இருக்குடா" என்றபடி பொத்தானை அழுத்தினாள். "அக்கா, யாரு? பேரைச் சொல்லுங்க!"

கொஞ்ச நேரம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. "அவரு... அவருதான் உலாரா... சத்தியமா அவருதான்... கம்பியெல்லாம் உங்ககிட்ட இருக்கு, நான் வெறுங்கையால தோண்டுறேன்... வாங்கம்மா!"

"பாத்தியா, பேரு வரலை" என்றான் ஊமாத், சூப்பை உறிஞ்சிக்கொண்டே. "தட்டைக் காலி பண்ணிட்டே போலாம். பொம்மைக்கு மூச்சா முட்டப்போவுது?"

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. பசி நேரத்தில் விதி நமக்குச் சாதகமாக இருந்தால் யார்தான் அதைச் சந்தேகப்படுவார்கள்? உலாராவும் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆனது.

கம்பிகளையும் மண்வெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். குடிசைச் சுவரோரம், சறுக்குவண்டியின் மேல் அண்ணன் கிடந்தார். அதே வைக்கோல், அதே ஆட்டுத்தோல் கோட்டு. பொம்மையை யாரும் மேலே எடுத்துப் போகவே இல்லை.

ஓடினார்கள். ஊமாத் வழியிலேயே அழ ஆரம்பித்துவிட்டான்.

மேலே சரிவின் பாதி உடைந்து கீழே வந்திருந்தது. புருல் அக்கா மண்டியிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் ரத்தம். பிள்ளைகள் தாங்கள் கற்றுக்கொண்டபடியே வரிசையாக நின்று, அடிக்கு அடி கம்பியை இறக்கினார்கள். பொம்மையைக்கூட அவர்கள் அத்தனை வேகமாக எடுத்ததில்லை.

தெமிர்பெக்கின் முகம் வெளியே தெரிந்தபோது உலாரா கடிகாரத்தைப் பார்த்தாள். அக்கா கூப்பிட்டு இருபத்து நாலு நிமிடம் ஆகியிருந்தது. நெஞ்சை அழுத்தினாள், வாயில் ஊதினாள், கை ஓயும்வரை விடவில்லை. பயனில்லை.

அவளுக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பேரைச் சொல்லியிருக்கலாமே! ஒரே ஒரு தடவை 'தெமிர்பெக்'னு சொல்லியிருந்தா பறந்து வந்திருப்போமே! உங்க வாயில அந்த ஒரு வார்த்தை வரலையா அக்கா?"

புருல் அக்கா, செத்துக் கிடந்தவரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் அவரோட தம்பி பொண்டாட்டிம்மா."