ஜெசிந்தா சொல்ல வேண்டிய 'ஆம்'

புற்றுநோயில் குரல்வளை போன பிறகு, என் மனைவி ஜெசிந்தா பேசுவதற்கு நானே ஒரு கருவி செய்து கொடுத்தேன். அவள் வாயசைத்தால் அது பேசும். இன்று காலை அதன் பேட்டரி உப்பிவிட்டது. பழைய டார்ச்சிலிருந்து நல்ல பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். கருவிக்குள் நான் வாங்கிப் பொருத்தியிருந்த நகமளவு சார்ஜர் போர்டு அதை ஏற்கவில்லை. கம்பெனியில் பதியாத பேட்டரியாம், பூட்டிக்கொண்டது.

போர்டு கம்பெனிக்குப் போன் செய்தேன். ஆள் எடுக்கவில்லை, இயந்திரக் குரல்தான் பேசியது.

"பூட்டைத் திறக்க, உரிமையாளர் ஜெசிந்தா தன் குரலில் 'ஆம்' என்று சொல்லவும்."

வீடு, வண்டி போல போர்டையும் ஆசையாக அவள் பெயரில் பதிந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அவளுக்குக் குரலே கிடையாது! அந்தக் குரலுக்குத்தான்டா சார்ஜ் கேக்கேன்!"

"உரிமையாளர் மட்டும் பேசவும்."

ஜெசிந்தா போனைப் பிடுங்கி வாயசைத்தாள். சத்தமே இல்லை.

"தெளிவாகச் சொல்லவும்."

மறுபடி அசைத்தாள்.

"இன்னும் தெளிவாக."

அவள் போனை மேசையில் வீசினாள். ஈயம் பற்றவைக்கச் சூடாயிருந்த சால்டரிங் அயர்னை எடுத்து, கைப்பிடியை என் பக்கம் நீட்டினாள். போர்டில் பேட்டரியைச் சோதித்துப் பூட்டும் சிப்பை விரலால் காட்டினாள்.

"உரிமையாளர் பதில் சொல்லவில்லை," என்றது போன்.

"சொல்லிட்டாடா," என்று அயர்னை அந்தச் சிப்பில் அழுத்தினேன்.