நாலு மணிச் சங்கு

"சுத்தினது போதும், இறங்குடி. மேனேஜர் வர்றாரு."

பாதையில் காவலுக்கு நின்றிருந்த தேவசகாயம், சோளக்கொல்லைக்குள் ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டான். பரண்மேல் இருந்த அவன் மனைவி லூர்துமேரி சங்கின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டேதான் இருந்தாள். அதன் ஊளை மௌலா அலி மலையில் மோதித் திரும்பியது. கதிர்களில் உட்கார்ந்திருந்த கிளிகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

அது தேவசகாயம் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த கைச்சங்கு. யுத்தம் வந்தால் அபாயச் சங்காக ஊதுவதற்கென்று வாங்கி, ஒரு தடவைகூட ஊதாமல் பழசாகி, காயலான் சாமான்களோடு ஏலத்துக்கு வந்தது. ஃபிட்டரான தேவசகாயம் அதை ஏலத்தில் எடுத்தான். பேரிங் மாற்றி, கிரீஸ் வைத்து, கிளி ஓட்டுவதற்கென்று பெண்டாட்டியின் குத்தகைக் கொல்லையில் பரண் கட்டி ஏற்றிவிட்டான்.

ஒன்றை மட்டும் அவன் யோசிக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஐந்து மணிக்கு ஷிப்டு விடுகிற சங்கும் அதே கம்பெனிச் சரக்கு. இரண்டுக்கும் ஒரே தொண்டை.

முந்தாநாள் நாலு மணிக்கு லூர்துமேரி முதல் தடவையாகச் சுற்றியதும், முன்னூறு பேர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஆபீஸ் குமாஸ்தா, மேனேஜரே பொத்தானை அமுக்கிவிட்டார் போலிருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டார். கேட் வாட்ச்மேன் உலகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உதறினார், காதில் வைத்துக் கேட்டார். பிறகு சங்குக்கு மரியாதை கொடுத்து முள்ளை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். காலையில் முள்ளைப் பின்னால் திருப்புவதும் மாலையில் முன்னால் தள்ளுவதுமாக மூன்று நாளாக அவருக்கு இதே வேலை.

தேவசகாயமும் முதல் நாள் விசில் அடித்துக்கொண்டுதான் வந்தான். பரண்மேல் பெண்டாட்டியைப் பார்த்ததும்தான் விசில் பாதியில் நின்றது. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

"அஞ்சு மணிக்கு மேல சுத்தேன்" என்று கெஞ்சிப் பார்த்தான்.

"கிளிக்கு நாலு மணிக்குத்தான் பசிக்குது. அதுக்கு நான் என்ன பண்ண? ஒன் வேலை போச்சுன்னா இந்தச் சோளத்தைத் தின்னு இருக்கலாம். சோளம் போச்சுன்னா எதைத் திங்கறது?"

அன்றிலிருந்து அவன் பாதையில் காவலுக்கு நிற்க ஆரம்பித்தான். மேனேஜர் ஜம்புநாதன் மூன்று நாளாக யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூப்பிட்டுத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

இப்போது மணி நாலரை. ஜம்புநாதன் வரப்பில் மெதுவாக வந்துகொண்டிருந்தார். வேட்டி, ரப்பர் செருப்பு, நெற்றியில் புது விபூதி, கையில் காய்கறிப் பை. பதினாறு வருஷமாக அவரைப் பேன்ட்டும் டையும் இல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் யாரும் பார்த்ததில்லை. இருட்டுவதற்கு முன்னால் அவர் ஆபீஸை விட்டுக் கிளம்பியும் பார்த்ததில்லை.

"மாறுவேஷத்துல வர்றாருடி" என்றான் தேவசகாயம்.

ஜம்புநாதன் பரணுக்குக் கீழே வந்து நின்று சங்கை அண்ணாந்து பார்த்தார். ஏணியில் இரண்டு படி ஏறி அதைத் தட்டியும் பார்த்தார்.

"பேரிங் புதுசா?"

"ஹவ் சார், நான் மாத்தினதுதான். பேரிங் காயலான் கடைல வாங்குனது. ரசீது வச்சிருக்கேன்."

"தினம் நாலு மணிக்கா ஊதறேள்?"

"கிளி வர்ற நேரம் சார்."

"கரெக்டா நாலுக்கே வந்துடுமோ?"

"அதுங்க ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல சார். உங்க ஆளுங்க மாதிரி கெடையாது" என்றாள் லூர்துமேரி. தேவசகாயம் அவள் காலைக் கிள்ளினான்.

"அறுப்பு எப்போ?"

"அடுத்த வாரம் சார். இன்னும் எட்டே நாள்."

"எட்டு நாள்தானா?"

ஜம்புநாதனின் முகம் இருண்டுவிட்டது. எட்டு நாளுக்குள் சீட்டைக் கிழித்துவிடுவார் என்று தேவசகாயம் புரிந்துகொண்டான். பரண் காலில் சாத்தியிருந்த சுத்தியலைப் பாய்ந்து எடுத்தான்.

"சார், என் வயித்துல அடிச்சிடாதீங்க. சோளம் போனாப் போகட்டும். இந்தச் சனியனை இப்பவே உடைச்சுப் போட்டுடறேன்."

"டேய், நக்கோ, உடைக்காதே" என்று மேலிருந்து லூர்துமேரி கத்தினாள்.

ஓங்கிய கையை ஜம்புநாதன் எட்டிப் பிடித்தார். சுத்தியலைப் பிடுங்கித் தன் காய்கறிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கத்திரிக்காய்க்கு மேலே இருந்த மல்லிகைப்பூப் பொட்டலம் நசுங்காமல் அதை ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்த கிளிகளைத் தவிர வேறு யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தி லூர்துமேரியிடம் சொன்னார்.

"ஏம்மா, இதை அறுத்ததும் அடுத்தாப்பலயும் கிளி திங்கற பயிராவே பார்த்துப் போடு."