காணாமல் போன சின்ன மேடு

"புடிச்சிட்டோம்!" என்று டாக்டரம்மா கணினித் திரையைக் கிரேன்காரர் பக்கம் திருப்பினார்.

"திருடனையா டாக்டர்?" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன். கிரேன்காரருடைய மனைவியின் தம்பி; துணைக்கு வந்திருந்தான்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. திருடன்தான், சந்தேகமென்ன.

கிரேன்காரருக்கு வந்தது காரணம் தெரியாத பக்கவாதம். பல் துலக்கிக்கொண்டிருந்தபோது இடது கை மரத்துத் தொங்கிவிட்டது. கை திரும்பி வந்துவிட்டது. கால் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பில்லை, அழுத்தம் சரி, சர்க்கரை இல்லை. ஈ.சி.ஜி.யிலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

ஆனால் இதயத்தின் சில கோளாறுகள் விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. பார்க்கும்போது சாது. தலை மறைந்ததும் ஆட்டம்.

அதனால்தான் இரண்டு வாரத்துக்கு மார்பில் மாட்டிக்கொள்ளும் பதிவுக் கருவியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். தீப்பெட்டி அளவுதான். குளிக்கும்போது கழற்றிவிட்டு, பிறகு புது ஒட்டுகளைப் போட்டு வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

அன்று கிரேன்காரர் கேட்டது ஒரே கேள்வி: "தப்பா ஏதாவது காட்டுச்சுன்னா, என்னை மறுபடி மேல ஏற விடுவாங்களா?"

வானத்தில் தொங்கும் கூண்டில் தனியாக உட்கார்ந்து, கீழே நிற்பவர்களின் தலைக்கு மேலே இரும்பைக் கொண்டுபோகிற வேலை. டாக்டரம்மா சரி என்று சொல்லாமல் கம்பெனி அவரை ஏணியைத் தொடவிடாது. டாக்டரம்மாவோ, "முதல்ல பாப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

பார்த்தாயிற்று.

டாக்டரம்மாவின் விரல் திரையில் தெரிந்த துடிப்புக் கோட்டின் மேலேயே ஊர்ந்தது. பெரிய முகடு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு. இதயத்தின் மேலறை சுருங்கி, ரத்தத்தைக் கீழறைக்குத் தள்ளுகிற அடையாளம் அது. முகடுகளுக்கு நடுவே அளந்து வைத்தாற்போல் இடைவெளி. மாலையானால் துடிப்பு விறுவிறுவென்று ஏறி, ஒரு மணி நேரம் உச்சத்திலேயே நிற்கிறது.

"நான் சொன்ன உடற்பயிற்சியை இவ்வளவு மும்முரமா செய்றவங்களை நான் பாத்ததே இல்ல" என்று மெச்சினார்.

மச்சினனுக்குப் புரையேறியது.

"இப்ப இதைப் பாருங்க."

ஓர் அதிகாலை. சின்ன மேட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் கோடு குளிர் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்குகிறது. முகடுகள் முட்டிக்கொண்டும் விலகியும், மனம்போன போக்கில் விழுகின்றன. அதே கோளாறு இரண்டு நாள் கழித்து மறுபடியும், இன்னும் அதிக நேரம்.

மேலறை சுருங்காமல் வெறுமனே உதறிக்கொண்டிருந்தால், ரத்தம் அதன் மூலையில் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்ததில் ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மேலே போனால், மூளையில் அடைப்பு. கையை விரித்தும் மடக்கியும் உதறியும் எல்லாவற்றையும் காட்டி முடித்த பிறகுதான் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

கிரேன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பேச்சுக்குப் பேச்சு பதில் வைத்திருக்கும் மச்சினன், வாயைத் திறந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாவம், வேலை போய்விட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

"அட, பயப்படாதீங்க. காரணம் தெரியாத வரைக்கும்தான் நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். இப்ப ரத்தம் உறையாம இருக்க மாத்திரை தர்றேன். அது ஒத்துக்கிட்டு, காலும் சரியாயிருச்சுன்னா, உங்களை மேல ஏத்திவிட நானே கையெழுத்துப் போடுறேன்."

மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார். ஒரு சிரிப்பையாவது எதிர்பார்த்தார்.

கிரேன்காரர் சீட்டை வாங்கினார். கண் மட்டும் திரையிலிருந்த அந்த அதிகாலையை விட்டு நகரவில்லை.

"இது இன்னைக்கும் வருமா டாக்டர்?"

"எப்ப வேணும்னாலும் வரலாம். அதனாலதான் உடனே ஆரம்பிக்கணும்னு சொல்றேன்."

அவர் சீட்டை மேசைமேல் வைத்து, டாக்டரம்மா பக்கமே தள்ளினார்.

"பேரை மாத்தி எழுதுங்க. இவன் பேருக்கு."

"மாமா, சும்மா இருங்க" என்றான் மச்சினன். "அவங்களே ஏத்திவிடுறேன்னு சொல்றாங்கல்ல... கெடுத்துக்காதீங்க."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

கிரேன்காரர் திரும்பி, அவன் சட்டையின் மேல் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முடி மழித்த மார்பில், பதிவுக் கருவியின் ஒட்டுகளைப் பிய்த்தெடுத்த இடமெல்லாம் சிவப்புச் சிவப்பாக வட்டங்கள். சில பழசு. சில நேற்றையவை.

டாக்டரம்மா எழுந்தே விட்டார்.

"எனக்குப் பக்கவாதம் வந்துட்டுப் போயிருச்சுடா" என்றார் கிரேன்காரர், பொத்தானை விடாமல். "உனக்கு இன்னும் வரல."