ஏழாம் எண் குழாய்

எய்ட்ஸ் நோயாளிகள் பன்னிரண்டு பேருக்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பரிசோதனையில் பெயர் கிடையாது, எண்தான். செகந்திராபாத் தண்டபாணி ஏழாம் எண்.

"நம்பர் நக்கோ, வேணாம் சிஸ்டர். வீட்லயே யாரும் பேர் சொல்றதில்ல," என்பார்.

நர்ஸ் ஸ்டெல்லா கதவைச் சாத்திவிட்டு, "தண்டபாணி அண்ணா" என்பாள். சிரித்தபடி இடது கையை நீட்டுவார்.

அவர் இறந்துபோய் மூன்று வருடமாகிறது. இப்போதும் ஸ்டெல்லா பதினொரு பேரிடம் ரத்தம் எடுத்தால், மாலையில் தட்டில் பன்னிரண்டு குழாய் இருக்கிறது. ஏழாம் எண்ணின் எதிர்ப்பு அணுக்கள் ஒவ்வொரு முறையும் கூடுகின்றன.

"ஏழாம் நம்பர்ல ஆளே இல்லையே, தூக்கிப் போட்டுடுங்க," என்றான் இன்று புதிதாக வந்த டெக்னீஷியன் வெங்கட்.

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு, குழாயைக் கையில் எடுத்தாள். மற்றவை ஏசியில் சில்லிட்டிருந்தன. இது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. மெல்லப் பெயர் சொன்னாள்.