தோளில் ஈரம்

ஒரே வருடத்தில் மாறுதல் வாங்கிச் சொந்த ஊருக்குக் கிளம்பிய ஜெசிந்தா டீச்சரின் தோளில் சாய்ந்து பத்தாம் வகுப்புப் பெண்கள் அழுத அழுகையில் அவளுடைய புடவை நனைந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே பள்ளியில் கணக்கு எடுக்கும் குமுதவல்லியால் அந்த ஈரத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இவளுக்காக எவளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

“நான் போனா இப்படி அழுவீங்களாடி?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒருத்தி சிரித்தாள். “நீங்க எங்க டீச்சர் போகப் போறீங்க!”

வாசலில் பேருந்து வந்து நின்றதும் குமுதவல்லி ஜெசிந்தாவைத் தோளோடு தோள் அழுந்தக் கட்டிக்கொண்டாள். “போதும்க்கா, பஸ் போயிடும்” என்று ஜெசிந்தாதான் விலக்கிவிட்டாள்.

வகுப்பறை வெக்கையாக இருந்தது. ஒருத்தி ஃபேன் போட எழுந்தாள்.

“போடாதடி” என்றாள் குமுதவல்லி, தன் தோளைத் தொட்டுப் பார்த்தபடி. “காஞ்சிடும்.”