ஸ்பானிஷில் நலம் விசாரித்தல்

"புவேனோஸ் தியாஸ்" என்று ஞானாம்பாள் வணக்கம் சொன்னதும், பனியன் ஆர்டர் கொடுக்க வந்திருந்த ஸ்பெயின்காரர் டீக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

லாட்ஜ் ஹாலில் அவளைத் தவிர பனியன் கம்பெனி முதலாளிகள் பத்துப் பேர், ஆளுக்கொரு சாம்பிள் பையோடு காத்திருந்தார்கள். பெண் என்று இவள் ஒருத்திதான். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் சித்திரையில் மெஷின்களை விற்றுவிடுவதாகக் கொழுந்தனார் சொல்லியிருந்தார்.

"அம்மிணி, நமக்கு இங்கிலீசே தகராறுங்க. இது எந்தூருப் பாசைங்க?" என்றார் அப்புசாமி, பின்னாலிருந்து. யாரோ சிரித்தார்கள்.

அவள் திரும்பவில்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி ஒருவரிடம் மூன்று மாதம் கற்ற வாக்கியங்கள். இந்த ஸ்பெயின்காரர் வரப்போவதாக அப்போதே பேச்சிருந்தது. சரக்கைப் பற்றி அவற்றில் ஒரு சொல் கிடையாது. பயணம் எப்படி இருந்தது, நன்றாகத் தூங்கினீர்களா, வெயில் ஒத்துக்கொள்கிறதா, குழந்தைகள் எத்தனை. ஊருக்கு வந்த மனிதரிடம் இதையெல்லாம் கேட்காமல் விலை பேச அவளுக்குத் தெரியாது.

ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் முகம் மலர்ந்தது. மூன்று பெண்கள் என்று விரல் காட்டினார்.

பிறகு அவர் கேட்டார், மரிதோ எப்படி இருக்கிறார் என்று. மரிதோ என்றால் கணவர்.

"பியென், கிராசியாஸ்." நலம், நன்றி.

நல்ல காரியம் பேசும்போது வாயில் நல்லதுதான் வர வேண்டும். அப்படித்தான் வளர்ந்திருந்தாள்.

அவர் மகிழ்ந்துபோய், ஏஜென்ட் சிவசுப்பிரமணியத்திடம் அரைகுறை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஏஜென்ட் அவள் பக்கம் குனிந்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஐயா நல்லா இருக்காருன்னு சொன்னீங்களா? அவரையே வரச் சொல்றாருங்க. ஆர்டர அவருகிட்டத்தான் பேசுவாராமா."

சிரிப்பு நின்றது. அங்கிருந்த பத்துப் பேரும் தை மாதம் அவள் வீட்டுத் துக்கத்துக்கு வந்து போனவர்கள்.

காது சுட்டது. பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அவள் பையைத் திறந்தாள். பனியனை அவர் முன்னால் விரித்து வைத்து, கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"முரியோ." இறந்துவிட்டார்.

ஏஜென்ட் பக்கம் திரும்பினாள். "கம்பெனி இப்ப நான்தானுங்க. அதையும் சொல்லிப்போடுங்க."

ஸ்பெயின்காரர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பனியனைக் கையில் எடுத்தார்.

அந்த ஒரு சொல்லைக் கன்னியாஸ்திரி அவளுக்குக் கற்றுத் தரவில்லை. கணவரின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று இன்னொரு கன்னியாஸ்திரியிடம் மெல்லச் சொன்னதை, இந்தப் பக்கம் நின்று அவளாகவே புரிந்துகொண்டது.